சேசிஸ் யாருது?

என்னடா பி.காம். படிக்கிற பையன் சர்வர், டாக்குமென்டேஷன் என்று ஆரம்பிக்கிறானே என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. என் வகுப்புத் தோழர்களும் அதைத்தான் கேட்டார்கள். ஆனால் இந்தக் கதையில் பாதி கணக்குப் பதிவியல்தான். மீதிப் பாதியில் நான் முட்டாளாகிறேன். அதனால் தைரியமாகப் படிக்கலாம் :-)

நாமக்கல் பக்கம் எங்கள் மாமா ஒரு லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நாமக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முட்டைதான் ஞாபகம் வரும். எங்களுக்கு வெல்டிங் புகையும் பெயின்ட் வாசனையும். வெறும் சேசிஸாக டிரைவர் ஓட்டிக்கொண்டு வருகிற வண்டி, சில வாரத்தில் கேபின், பாடி, பெயின்ட் எல்லாம் ஏறி எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பும். இதற்கான கணக்கு முழுவதும் ஒரே ஒருவர் கையில். பெயர் வேண்டாம், கணக்குப்பிள்ளை என்றே சொல்கிறேன். அறுபது வயது தாண்டியவர். மூன்று நீள நோட்டு, ஒரு டேலி, மீதி எல்லாம் அவர் மண்டைக்குள்.

போன வருஷம் லீவில் நான் அங்கே ஈஆர்பி நெக்ஸ்ட் போட்டுக் கொடுத்தேன். அது ஒரு கட்டற்ற மென்பொருள், நம் கம்ப்யூட்டரிலேயே நிறுவி நாமே ஓட்டலாம், மாதச் சந்தா கிடையாது. மும்பையில் ருஷப் மேத்தா என்பவர் தொடங்கியது. குடும்ப மரச்சாமான் தொழிலுக்கு வாங்கிய மென்பொருள் ஒத்துவராமல் போக, தானே ஒன்று எழுதினார் என்று படித்தபோதே எனக்குப் பிடித்துவிட்டது. எங்களுடையதும் கிட்டத்தட்ட அதே கேஸ். லினக்ஸ் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. து. நித்யாவின் 'எளிய தமிழில்' வரிசைப் புத்தகங்களை கணியம் தளத்திலிருந்து இறக்கி, ஒரு பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு போட்டுத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதுதான்.

ஓடியது. கரன்ட் போனால் நின்றது. திரும்ப ஓடியது. நான் சேலத்தில் காலேஜில் இருக்கும்போது நின்றால்தான் தொல்லை. பட்டறையிலிருந்து போன் வரும், நான் பஸ்ஸில் நின்றுகொண்டே வழி சொல்வேன். அப்போதுதான் மாமா பையன் (பிளஸ் ஒன்) ஏஐயிடம் கேட்க ஆரம்பித்தான். திரையில் வரும் பிழையை அப்படியே ஒட்டிக் கேட்பான், அது பதில் சொல்லும். பத்தில் ஆறு தடவை சரி. மீதி நாலு தடவை இல்லாத பொத்தானை அழுத்தச் சொல்லும்.

ஏன் என்று பார்த்தால் காரணம் நியாயமானதாகவே இருந்தது. முன்பெல்லாம் ஜிஎஸ்டி சம்பந்தப்பட்ட அமைப்புகள் ஈஆர்பி நெக்ஸ்டுக்குள்ளேயே இருந்தன. 2022-ல் வந்த 14-ஆம் பதிப்பில் அதைப் பிரித்து 'இந்தியா கம்ப்ளையன்ஸ்' என்று தனிச் செயலியாக வைத்துவிட்டார்கள். சம்பளப் பட்டியலும் அப்படியே தனியாகப் போனது. இணையத்தில் கிடக்கும் கேள்வி பதில்களில் பாதி அதற்கு முந்தையவை. ஏஐ படித்தது இரண்டையும். நம்மிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று நாம் சொல்லாதவரை அதற்கு எப்படித் தெரியும்? வீட்டு நம்பர் சொல்லாமல் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால் டிரைவர் ஊரைச் சுற்றத்தானே செய்வார்.

சரி, எந்திரம் படிப்பதற்கென்றே ஒரு குறிப்பு எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். தேடினால் அதற்கும் வழக்கம் வந்துவிட்டிருக்கிறது. 2024 செப்டம்பரில் ஜெரமி ஹோவர்ட் என்பவர் 'எல்எல்எம்ஸ் டெக்ஸ்ட்' என்று ஒரு கோப்பு முறையை முன்மொழிந்தார். தளத்தின் வாசலிலேயே ஒரு எளிய உரைக் கோப்பு. இது என்ன தளம், எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நாலு வரி. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு 'ஏஜென்ட்ஸ்' என்று இன்னொரு கோப்பு 2025-ல் பரவியது. புதிதாக வேலைக்குச் சேருகிற பையனுக்குச் சொல்வது போல, இதைச் செய், இதைத் தொடாதே என்று எழுதி வைப்பது. இரண்டுமே மார்க்டவுன். 2004-ல் ஜான் க்ரூபர் உருவாக்கிய, நட்சத்திரமும் கோடும் மட்டும் போட்டு எழுதுகிற அந்தப் பழைய முறை. முதல் கோப்பைப் பெரிய தேடுபொறிகள் மதிப்பதில்லை, அது அந்தக் கால கீவேர்ட் டேக் மாதிரிதான் என்று கூகுளின் ஜான் முல்லர் கிண்டலாகவே சொன்னார். எனக்கு அதனால் ஒரு கவலையும் இல்லை. என் சர்வர் பட்டறை மூலையில் மசாலா டீ டம்ளர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தேடி எந்தத் தேடுபொறியும் வரப்போவதில்லை. பையன் கேள்வி கேட்கும்போது கூடவே ஒட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுதி முடித்தேன். பதிப்பு எண், எந்தெந்தச் செயலி, பேக்கப் எங்கே, கரன்ட் போய் வந்தால் என்ன செய்வது, இ-வே பில் (மாநிலம் விட்டு மாநிலம் 50,000 ரூபாய், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம், இதை ஏஐ ஒவ்வொரு முறையும் 50,000 என்றே சொல்லும்), வரி விகிதம். அழகாக இருந்தது. நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

2025 அக்டோபரில் கணக்குப்பிள்ளை ஒரு கல்யாணத்துக்குத் திருச்செங்கோடு போயிருந்தார். ஒற்றை லாரி வைத்திருக்கும் பழைய வாடிக்கையாளர் ஒருவர் புது சேசிஸ் எடுத்துவிட்டு கொட்டேஷன் கேட்டார். பையன் ஏஐயிடம் கேட்டு, என் தாளையும் ஒட்டி, அச்சடித்துக் கொடுத்துவிட்டான். நாலரை லட்சம், அதன்மேல் 28 சதவீத ஜிஎஸ்டி.

அவர் போனில், "ஏனுங், வரிய இப்படி ஏத்திப்போட்டீங்க?" என்று கேட்டாராம். மறுநாள் சேசிஸ் வேறு பட்டறையில் நின்றது. 28-க்கும் 18-க்கும் நடுவில் 45,000 ரூபாய். ஒற்றை லாரிக்காரருக்கு அது இரண்டு மாதத் தவணை. மாமா என்னைத் திட்டவில்லை. "பரவால்ல கண்ணு" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். திட்டியிருக்கலாம்.

முதலில் நான் ஏஐயைத்தான் குற்றம் சொன்னேன். பிறகு தாளை எடுத்துப் பார்த்தால், அதில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்: 'லாரி பாடி - 28%'. ஏதோ ஒரு பழைய பக்கத்திலிருந்து எடுத்தது. தேதி போடவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த விகிதம் 18 ஆகிவிட்டது. வரிவிதிப்பு எனக்கு ஒரு பாடம். அந்தப் பாடத்தில் நான் நல்ல மார்க் வேறு.

திங்கட்கிழமை கணக்குப்பிள்ளை வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் விகிதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரே கேள்வி.

"சேசிஸ் யாருது?"

"அவருதுதானுங்க."

"அப்புறம் எங்கிருந்துங் தம்பி 28 வந்துது? அவருது சேசிஸ், நம்மளுது வேலை. அது எப்பவுமே 18 தானுங்."

அதாவது, சேசிஸையும் நாமே வாங்கி வண்டியாக விற்றால் அது பொருள். அடுத்தவர் சேசிஸில் பாடி கட்டிக் கூலி வாங்கினால் அது சேவை. பஸ் பாடி விஷயத்தில் இதை 2018 ஆகஸ்ட் 9-ஆம் தேதி சுற்றறிக்கையிலேயே தெளிவாக்கியிருக்கிறார்கள். லாரிக்கும் எங்கள் ஆடிட்டர் அதே வழியில்தான் போகிறார். இப்போது இரண்டும் 18 என்றாலும் பில்லில் போடும் குறியீடு வேறு வேறு. ஆக, என் தாளில் தப்பு ஒன்றல்ல, இரண்டு. முதல் தப்பு தேதி இல்லாதது. இரண்டாவது, கேட்க வேண்டிய கேள்வியே அதில் இல்லாதது.

அன்றைக்கு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மூன்று சனிக்கிழமை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பட்டறையில் 'சின்ன பில்' என்றால் பழைய வண்டிக்கு ரிப்பேர், 'பெரிய பில்' என்றால் புது பாடி. 'வேலை முடிஞ்சுது' என்றால் வண்டி முடிந்தது என்று அர்த்தமில்லை, பணம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே தகட்டுக்கு எங்கள் நோட்டில் மூன்று பெயர். சேலத்து இரும்புக் கடைக்காரர் போடுவது ஒன்று, வெல்டர் சொல்வது ஒன்று, நான் ஈஆர்பியில் ஏற்றியது ஒன்று. மனுஷனுக்கு இது பழகிவிடும். எந்திரம் மூன்றையும் மூன்று சரக்காக நினைத்துக்கொண்டு இருப்பு கணக்குச் சொல்லும். இந்தச் சொல் பட்டியல்தான் மொத்தக் கோப்பிலும் அதிகம் பயன்படுகிற பக்கம் என்று இப்போது தோன்றுகிறது. எந்த வழிகாட்டியும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை அவர் நோட்டை மூடிவிட்டுக் கேட்டார். "ஏனுங் தம்பி, இதையெல்லாம் எழுதி வெச்சுப்போட்டா அப்புறம் நான் எதுக்குங்?"

எனக்குப் பதில் வரவில்லை. அப்படியெல்லாம் இல்லைங்க என்று இழுத்தேன். அவர் சிரித்தார், ஆனால் அன்றைக்கு அதற்குமேல் சொல்லவில்லை. சீக்கிரமே கிளம்பிவிட்டார். அந்த வாரம் முழுக்க நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் இல்லாத ஒரு நாளில் வந்த நஷ்டத்தால்தான் இந்த வேலையே. அதே சமயம் அவர் கேட்டதில் பொய்யும் இல்லை.

நடுவில் இன்னொரு கூத்து. பழைய கொட்டேஷன் படிவங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. திரையில் அழகான தமிழ். ஏஐக்குக் கொடுத்தால் அது பார்ப்பது வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். நாம் புள்ளி வைக்கிற இடமெல்லாம் அங்கே அரைப்புள்ளி. 1998-ல் பொங்கலன்று ஆரம்பித்த மதுரைத் திட்டத்துக்காரர்கள், பழைய நூல்களைப் படமாக வைக்காமல் எழுத்தெழுத்தாக உள்ளிட்டு, பிறகு டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கும் மாற்றி வைத்ததன் அருமை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் முப்பது படிவங்களை மாற்றுவதற்குள்ளேயே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

சொல்ல வெட்கமான விஷயம் ஒன்று. அவசரத்தில் ஒருநாள் 'சைட் கான்ஃபிக்' கோப்பை முழுதாக ஏஐ பெட்டியில் ஒட்டிவிட்டேன். ஃப்ராப்பேயில் தரவுத்தளக் கடவுச்சொல் அந்தக் கோப்பில்தான் பச்சையாக இருக்கும். அனுப்பின பிறகுதான் உறைத்தது. ராத்திரி பதினொன்றரைக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். இப்போது தாளின் முதல் வரியே, இந்தக் கோப்பையும் வாடிக்கையாளர் செல் நம்பர் உள்ள எதையும் வெளியே ஒட்டாதே என்பதுதான். அது எந்திரத்துக்கு இல்லை, எனக்கும் பையனுக்கும்.

மூன்றாவது சனிக்கிழமை கணக்குப்பிள்ளை வருவாரா என்று சந்தேகமாக இருந்தது. வந்தார். எழுதியதைச் சோதிக்க இருபது கேள்வி தயார் செய்திருந்தேன். அவர் கேட்கச் சொன்னார், நான் தட்டினேன். பதினெட்டுக்குச் சரியான பதில். வரி பற்றிக் கேட்டதற்கு ஏஐ விகிதத்தைச் சொல்லவில்லை. சேசிஸ் உங்களுடையதா, வாடிக்கையாளருடையதா என்று திருப்பிக் கேட்டது. அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பரவால்லீங்," என்றார். பிறகு தப்பாய்ப் போன இரண்டையும் திருத்தச் சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தேதியும் "யார் சொன்னது"ம் போடச் சொன்னார். நோட்டில் அவர் நாற்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறாராம். இப்போது கோப்பில் முக்கால்வாசி வரிகளின் முடிவில் அவருடைய இனிஷியல்தான் இருக்கிறது. வரி மாறினால் திருத்துவது அவர் பொறுப்பு. அவர் சொல்ல, பையன் தட்டுகிறான். போன வாரம் போன் செய்து, அந்த ஒற்றை லாரிக்காரர் டெயில் போர்டு ரிப்பேருக்கு வந்திருப்பதாகச் சொன்னார்.

"சின்ன பில்லுங்களா?" என்று கேட்டேன்.

"சின்ன பில்லுதானுங்," என்றார்.