தந்தி ரசீது

திண்டிவனத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவனுக்குத் தந்தி ஆபீஸில் நல்ல பழக்கம் இருக்கும். எங்கள் ஆபீஸிலிருந்து போன தந்திகளில் பெரும்பாலும் ஒரே சங்கதிதான்: இன்னாரை இன்ன ஸ்டேஷன் போலீஸ் நேற்று ராத்திரி பிடித்துக்கொண்டு போனது, இன்னும் கோர்ட்டில் ஆஜர்படுத்தவில்லை. எஸ்.பி.க்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று, சென்னையில் உள்துறைச் செயலாளருக்கு ஒன்று. வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. அதனால் கெஞ்சல், கும்பிடு எல்லாவற்றையும் சீனியர் பேனாவால் அடித்துவிடுவார்.

தந்தியைப் பார்த்துப் பதறி யாராவது ஜீப்பை அனுப்புவார்கள் என்று நாங்கள் எதிர்பார்த்ததில்லை. வேண்டியது ரசீதுதான். "யோவ், ரசீது எங்க?" என்பதுதான் நான் திரும்பி வந்ததும் சீனியர் கேட்கும் முதல் கேள்வி. அந்தத் துண்டுச் சீட்டில் விழும் வட்ட முத்திரையில் தேதி இருக்கும். அதைக் குண்டூசியால் ஜாமீன் மனுவோடு குத்தி வைப்போம்.

கைதான ஆளை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு. இதை மீறிவிட்டதாக எந்த ஸ்டேஷன் ரெக்கார்டும் சொல்லி நான் பார்த்ததில்லை. திங்கட்கிழமை ராத்திரி குடிசையிலிருந்து தூக்கிய ஆளை வியாழக்கிழமை காலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாகனச் சோதனையின்போது, போலீசைக் கண்டு ஓட முயன்றான் என்று 'பிடித்து', அன்று சாயங்காலமே ஆஜர்படுத்திவிடுவார்கள். காகிதத்தில் பத்து மணி நேரம்கூட ஆகியிருக்காது. நடுவில் போன மூன்று நாள் எங்கேயும் இல்லை. அந்த மூன்று நாளில்தான் ஒப்புதல் வாக்குமூலம், 'ரெகவரி', கால் வீக்கம் எல்லாம். அந்த நாட்கள் இருந்தன என்று சொல்ல எங்கள் கையில் இருந்த ஒரே சாட்சி தந்தி ஆபீஸ்.

1993 செப்டம்பர் 30 வரை எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் அடித்த தந்திகள் கடலூருக்குப் போயின. அன்றோடு தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்தது, விலாசம் விழுப்புரம் ஆனது. அதே வருஷம் மார்ச்சில்தான் விருத்தாசலம் பக்கம் முதனையிலிருந்து ராஜாக்கண்ணுவை ஒரு திருட்டு வழக்கில் கம்மாபுரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். தப்பி ஓடிவிட்டார் என்றார்கள். பின்னாளில் ஹைகோர்ட் நீதிபதியான சந்துரு அப்போது வக்கீல். ஆட்கொணர்வு மனு போட்டார். ராஜாக்கண்ணு கஸ்டடியில் கொல்லப்பட்டதற்காகப் போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைக்க 2006 ஆகிவிட்டது. 2021இல் இதை வைத்து 'ஜெய் பீம்' படம் வந்தபோது ஊரே பேசியது. படத்தில் இருளர், நிஜத்தில் குறவர். ஆனால் எங்கள் பக்கத்தில் பார்த்தவர்கள் யாருக்கும் அந்த மாற்றம் ஒட்டாததாகத் தெரியவில்லை.

இருளர்களுக்காகத் திண்டிவனத்தில் நின்றவர் பேராசிரியர் கல்யாணி, இப்போது பிரபா கல்விமணி. அதே 1993இல் விழுப்புரம் பக்கம் அத்தியூரில், திருட்டு விசாரணை என்று வந்த புதுச்சேரிப் போலீசார் மீது எழுந்த பாலியல் வன்கொடுமை வழக்குதான் அவரை அந்தப் பக்கம் இழுத்தது. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அதிலிருந்து வளர்ந்தது. ரைஸ் மில்லிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும் ஜனங்கள். துப்புத் துலங்காத திருட்டு எங்கே நடந்தாலும் முதலில் இவர்கள் குடிசைக்குத்தான் ஜீப் போகும் என்பது அந்தச் சங்கம் ஓயாமல் சொல்லிவந்த புகார்.

குடிசையில் என்ன சோதனை போட முடியும்? அலுமினியக் குண்டான், மண்வெட்டி, ஓலையில் செருகிய ரேஷன் கார்டு. சோதனைக்கு முன்பு காரணத்தை எழுதி வைக்க வேண்டும், அந்தப் பகுதியைச் சேர்ந்த மதிப்புள்ள இரண்டு பேரைச் சாட்சியாக அழைக்க வேண்டும் என்பது சட்டம். மகஜரில் வி.ஏ.ஓ.வும் தலையாரியும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். குறுக்கு விசாரணையில், "எங்க வெச்சுக் கையெழுத்து போட்டீங்க?" என்று சீனியர் கேட்டால் தலையாரி கூரையைப் பார்ப்பார்.

மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். "போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்கிறார். ரிமாண்டுக்குக் கொண்டுவந்த ஆளுக்கு ஒரு முழம் பின்னால் ஏட்டு நிற்கிறார். "இல்லீங்க சாமி." ரிமாண்ட் ஆர்டரில் புகார் ஏதுமில்லை என்று எழுதியாயிற்று. 2020இல் சாத்தான்குளத்தில் போலீசிடம் அடிபட்டுப் பிறகு இறந்துபோன அப்பா ஜெயராஜையும் மகன் பென்னிக்சையும் ரிமாண்ட் செய்த விதம் பற்றிப் பேப்பரில் படித்தபோது எனக்கு இந்த வாசல்தான் நினைவுக்கு வந்தது.

டி.கே. பாசு என்று கோர்ட்டில் எல்லோரும் சொல்லும் தீர்ப்பு, 1986இல் அந்த பாசு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு எழுதிய ஒரு கடிதத்தில் தொடங்கியது. பத்து வருஷம் கழித்து, 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் வேண்டும், குடும்பத்தாரோ ஊர்க்காரரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரர் வெளி மாவட்டத்தில் இருந்தால் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் அவருக்குத் தகவல் போகப் போலீஸ் தந்தி அடிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. தந்தி ஆபீஸ் வரிசையில் நான் பத்திரிகைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், கல்யாண வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு தந்தி அடிக்க வந்த கான்ஸ்டபிளைப் பார்த்ததில்லை.

பெண்களைச் சூரிய அஸ்தமனத்துக்குப் பிறகு கைது செய்யக் கூடாது, தவிர்க்க முடியாவிட்டால் பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட் அனுமதியும் வேண்டும் என்ற விதி 2006இல் அமலுக்கு வந்தது. 2011 நவம்பரில் திருக்கோவிலூர் பக்கம் மண்டபம் கிராமத்தில் இருளர் பெண்கள் நான்கு பேர், ராத்திரியில் போலீஸ் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்ததாகப் புகார் கொடுத்தார்கள். போலீசார் ஐந்து பேர் சஸ்பெண்ட் ஆனார்கள்.

2013 ஜூலையில் தந்தியே நின்றுபோனது. பேப்பர்காரர்கள் பழைய நினைவுகளை எழுதித் தள்ளினார்கள். எங்களுக்குப் போனது ஒரு சாட்சி. பிறகு ஃபேக்ஸ், ரிஜிஸ்தர் தபால், ஈமெயில், இப்போது வாட்ஸ்அப். ஜூனியர்கள் ஸ்டேஷன் கேமராப் பதிவைக் கேட்கிறார்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்கச் சொன்னதால் வந்த தைரியம் அது. பதிவைக் கேட்டால் அன்றைக்கு மட்டும் கேமரா ரிப்பேர் என்று பதில் வருவதும் உண்டு.

2024 ஜூலை முதல் குற்றவியல் நடைமுறைக்குப் புதிய சட்டம். சோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. நல்லது, தலையாரி எங்கே நின்றார் என்பதாவது தெரியும். போலீஸ் கஸ்டடி விஷயம்தான் உறுத்துகிறது. முன்பு ரிமாண்டான முதல் பதினைந்து நாளுக்குள் கேட்டால்தான் உண்டு. பதினாறாம் நாள் ஆளை ஜெயிலில் போய்ப் பார்த்து, "இனி உன்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக மாட்டாங்க" என்று தைரியமாகச் சொல்வேன். இப்போது அந்தப் பதினைந்து நாளை வழக்கைப் பொறுத்து நாற்பது நாளுக்குள்ளோ அறுபது நாளுக்குள்ளோ துண்டு துண்டாகக் கேட்கலாம். கஸ்டடி பாக்கியிருக்கிறது என்று அரசுத் தரப்பு எழுந்தால் ஜாமீன் மனு என்னவாகும் என்று பார் ரூமில் இன்னும் சண்டை நடக்கிறது.