ஒன்பது வருஷக் கணக்கு

அப்பாவின் காடி கஞ்சில். 1994இல் பெரொடுவா முதன்முதலாக விற்பனைக்கு விட்ட காடி. ஜப்பான் டைஹட்சு மிராவின் மலேசியப் பிறவி. 659 சிசி, மூன்று சிலிண்டர். மலாய்க் கதைகளில் முதலைகளை ஏமாற்றி ஆற்றைக் கடக்குமே சருகுமான், அதன் பெயர்தான். தையல் மெஷின் என்று கேலி செய்தார்கள். தைப்பூசத்துக்கு எங்கள் ஐந்து பேரையும் கிள்ளானிலிருந்து பத்துமலைக்குச் சுமந்தது அந்தத் தையல் மெஷின்தான்.

பிரிக்பீல்ட்ஸ் வேலைக்கு எனக்குக் காடி வேண்டாம். கொமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் நடை தூரம். காடி அம்மாவுக்கு. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கஞ்சிலில் ஏர்கோன் செத்து இரண்டு வருஷம். முடித்துத் திரும்பும்போது வெக்கையில் அம்மாவுக்கு வாந்தி வந்துவிடும்.

தம்பி மைவி என்றான். நான் 998 சிசி ஆக்ஸியா என்றேன். லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் என்பதெல்லாம் விளம்பரக் கணக்கு. சாயங்காலக் கூட்டரசு நெடுஞ்சாலையில் அது செல்லாது. இருந்தாலும் எண்ணெய்ச் செலவு, மாசத் தவணை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி நீட்டினேன். அப்பா கடைசி வரியில் நின்றுவிட்டார்.

"கடன் ஒன்பது வருஷமா?"

"ஆமாப்பா. அப்பதான் கட்ட முடியும்."

அவர் அம்மா இருந்த அறைப் பக்கம் பார்த்தார். நான் தாளை மடித்துக்கொண்டேன்.

ஷோரூமில் அம்மா பின்சீட்டில் ஏறி, காலை நீட்டிப் பார்த்து, இறங்கி, மறுபடி ஏறினார்.

"குனியாம ஏற முடியுதுடா. வெள்ளை மட்டும் வேணாம், அழுக்குத் தெரியும்."