பாதி உருண்டை

எனக்குத் தித்திப்பு என்றால் உயிர். சாப்பாட்டுக்குப் பிறகு நாக்கில் துளி இனிப்புப் பட்டால்தான் சாப்பிட்டதாகவே கணக்கு. ஆனால் எங்கள் வீட்டில் மூன்று வருஷமாகத் தித்திப்புக்குத் தடை உத்தரவு. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. "கண்ணில் பட்டால் கை போகும், ஒன்றும் வாங்கி வைக்காதீர்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெல்லம் போட்டால் தோஷமில்லையே என்று நான் ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். வெல்லமும் முக்கால்வாசிக்கு மேல் அதே சர்க்கரைதான் என்று அதையும் அடைத்துவிட்டார். உத்தரவை நிறைவேற்றும் போலீஸ்காரன் நான்.

1921-ல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்ஸுலினைக் கண்டுபிடித்தார்கள். வியாதிக்கு மருந்து வந்தது. நாக்குக்குத்தான் இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு, எழுதிக் கொண்டிருந்த கதை நடுவில் நின்றுவிட்டது. கதை நின்றால் எனக்கு இனிப்பு வேண்டும். எல்லாரும் தூங்கியாயிற்று. பூனை மாதிரி சமையலறைக்குள் நுழைந்தேன்.

மாலாடு போலச் சுலபமான பட்சணம் கிடையாது. பாகுப் பதம் பார்க்க வேண்டாம். நின்று கிளற வேண்டாம். ஒரு டம்ளர் பொட்டுக்கடலை, அரை டம்ளர் சர்க்கரை, இரண்டு ஏலக்காய், கால் டம்ளர் நெய். பொடி பண்ணிச் சலித்து, நெய் விட்டுப் பிடித்தால் தீர்ந்தது. பதினைந்து நிமிஷ வேலை.

மிக்ஸியின் மேல் துண்டைப் போர்த்தி அரைத்தேன். நெய்யை விட்டுப் பிடித்தேன். உருண்டை உதிர்ந்தது. மறுபடி பிடித்தேன். மறுபடி உதிர்ந்தது.

"நெய்யைக் காய்ச்சி விட வேண்டாமாடா? சூட்டோடு பிடித்தால்தானே ஆறினதும் இறுகும்?"

வாசற்படியில் அம்மா! திருடனைப் போல நின்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. என்னை நகரச் சொல்லிவிட்டு இரண்டு கரண்டி நெய்யைக் காய்ச்சி மாவில் விட்டாள். மாத்திரையை எடுக்கும்போது நடுங்குகிற அந்த விரல்கள், உருண்டை பிடிக்கும்போது நடுங்கவில்லை.

"உங்கப்பா ராத்திரி ஷிப்டு முடிந்து வருவார். அப்போதெல்லாம் இதுதான்" என்றாள். பத்து உருண்டை. கையில் ஒட்டியிருந்த மாவை வாயில் வைக்காமல், குழாயில் கழுவினாள்.

"சாப்பிடேண்டா."

எனக்கு இறங்கவில்லை. மூன்று வருஷமாக அவள் தட்டைக் கண்காணித்தேன். அவளை ஒரு நாளாவது பார்த்தேனா? ஒரு உருண்டையை இரண்டாக உடைத்துப் பாதியை நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாங்கிக் கொண்டாள். அந்தப் பாதியைத் தின்ன அவளுக்குக் கால் மணி ஆயிற்று.

"டாக்டரிடம் சொல்லிவிடு. மறைக்காதே" என்றாள்.

சொன்னேன். கோபித்துக் கொள்வார் என்று நினைத்தேன். "ஒளித்துத் தின்பதுதான் ஆபத்து. மாதம் ஒரு நாள் பாதி உருண்டை, அந்த வேளை சோற்றைக் குறைத்துக் கொள்ளட்டும்" என்று அம்மாவின் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

போலீஸ் உத்தியோகத்தை அன்றே ராஜினாமா செய்துவிட்டேன். இப்போது அரைப்பது நான், பிடிப்பது அம்மா. மிக்ஸிக்குத் துண்டு போர்த்துவதில்லை.