தவறாத ஆசிரியரிடம் கற்ற வண்டி

நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் மாணாக்கரை மூவகைப்படுத்தி உவமை காட்டுகிறார். அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கு. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியவை கடைமாணாக்கருக்கு. இதை நடத்தும்போது, கிளிக்கு ஏன் நடுவிடம் என்று யாராவது ஒருவர் கேட்பதுண்டு. சொல்லிக் கொடுத்ததைப் பிழையின்றித் திருப்பிச் சொல்கிறதே, அதற்கு மேல் ஒரு மாணாக்கனிடம் என்ன எதிர்பார்க்க முடியும் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதந்தான். உரைகளில் உள்ள விடையைச் சொல்லிவிட்டு, அண்மைக் காலமாக அதனுடன் வேறொரு கதையையும் சேர்த்துக்கொள்கிறேன். மனிதர்கள் ரோபோக்களுக்கு வேலை கற்பித்த கதை அது. இலக்கிய நண்பர்கள் கூடும் இடத்தில் எந்திரம் எதற்கு என்று எண்ண வேண்டாம். நான் பேச வந்தது ஆசிரியத் தொழிலைப் பற்றித்தான்.

முதலில் கிளி. நார்வே நாட்டின் ப்ரைனே என்னும் ஊரில் டிரால்ஃபா என்றொரு நிறுவனம் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகளைச் செய்துவந்தது. அவற்றுக்கு வண்ணம் தெளிக்க 1960களின் பிற்பகுதியில் அங்கே ஓர் எந்திரக் கையை உருவாக்கினார்கள். 1969இல் அது விற்பனைக்கும் வந்தது. கற்பிக்கும் முறை எளிது. கைதேர்ந்த பெயின்டர் ஒருவர் அந்த எந்திரக் கையைப் பிடித்து நடத்தியபடியே ஒரு வண்டிக்கு வண்ணம் தெளிப்பார். அந்த அசைவுகள் பதிவாகிவிடும். பிறகு எந்திரம் அதே அசைவுகளை அலுப்பின்றித் திரும்பச் செய்துகொண்டிருக்கும். வண்டி சற்றே இடம் மாறித் தொங்கினால் அதற்குத் தெரியாது. வெற்றிடத்துக்கு வண்ணம் பூசும். கிளிக்கு நடுவிடம் கிடைத்த காரணத்தை இதைவிடத் தெளிவாக நான் விளக்கியதில்லை.

அடுத்தது, பார்த்துக் கற்ற வண்டி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டீன் பொமர்லோ என்ற ஆய்வாளர் 1989இல் ‘ஆல்வின்’ என்னும் ஓட்டுநர் நிரலை அறிமுகப்படுத்தினார். வேனில் பொருத்திய கேமரா தரும் சாலைப் படம் அதற்கு 30க்கு 32 என்ற அளவில் 960 புள்ளிகளாகச் சுருங்கிப் போய்ச் சேரும். விரைவில், உண்மையான சாலையிலேயே அதற்குப் பாடம் நடந்தது. மனிதர் ஒருவர் வண்டியை ஓட்டுவார்; சாலை எப்படித் தெரியும்போது ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை நிரல் கவனித்துக்கொண்டிருக்கும். ஐந்து நிமிட அளவில் வண்டி தானே ஓடக் கற்றுக்கொண்டது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கற்பித்த ஓட்டுநர் நன்றாக ஓட்டிவிட்டார்! அவர் வண்டியைச் சாலையின் நடுவிலிருந்து விலகவே விடவில்லை. ஆகவே விலகினால் எப்படித் திரும்புவது என்பதை மாணாக்கனாகிய எந்திரம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. தனியே ஓடும்போது சிறிது விலகினால் அதுவரை காணாத காட்சி எதிரே வரும். அங்கே அது இன்னும் தவறும். அந்தத் தவறு அதனினும் புதிய இடத்தில் கொண்டுபோய் விடும். பொமர்லோ இதை முன்பே உணர்ந்து, ஒவ்வொரு சாலைப் படத்தையும் பக்கவாட்டில் நகர்த்தி, விலகிய நிலைகளைச் செயற்கையாக உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய திருத்தத்தையும் சேர்த்தே கற்பித்தார். பின்னாளில் இந்தச் சிக்கல் கணக்காகவும் விளக்கப்பட்டது. வெறுமனே பார்த்துக் கற்றவனின் பிழை, மிக மோசமான நிலையில், பயணத்தின் நீளத்துக்கு இருபடியாகப் பெருகக்கூடும். தூரம் இரண்டு மடங்கானால் பிழை நான்கு மடங்கு.

அதே பல்கலைக்கழகத்தில் 2011இல் ஸ்டெஃபான் ராஸ், ஜெஃப்ரி கார்டன், ட்ரூ பாக்னெல் ஆகிய மூவரும் முன்வைத்த வழி, ஆசிரியரின் இடத்தையே மாற்றிவிட்டது. ஆசிரியர் ஓட்ட, மாணாக்கன் பார்ப்பது முதல் பாடம் மட்டுமே. அதன்பின் மாணாக்கன் ஓட்ட வேண்டும். அவன் போய்ச் சிக்கிய ஒவ்வோர் இடத்திலும், ‘நானாக இருந்தால் இங்கே இப்படிச் செய்வேன்’ என்று ஆசிரியர் சொல்ல வேண்டும். அந்தத் திருத்தங்களைப் பழைய பாடத்தோடு சேர்த்து மறுபடி கற்பிக்க வேண்டும். 2013இல் இம்முறையில் பயின்ற சிறு ட்ரோன் ஒன்று காட்டு மரங்களுக்கிடையே மோதாமல் பறந்தது.

2008இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தேர்ந்த ஒருவர் ரிமோட் ஹெலிகாப்டரை வானில் குட்டிக்கரணம் போடவைத்துப் பல முறை காட்டினார். எந்த முறையும் அப்பழுக்கற்றதாக இல்லை. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சறுக்கல். ஆடம் கோட்ஸ், பீட்டர் அபீல், ஆண்ட்ரூ இங் ஆகியோரின் நிரல் அத்தனை முறைகளையும் ஒப்பிட்டு, அவர் செய்ய நினைத்தது எது என்பதை ஊகித்துக்கொண்டது. பிறகு ஹெலிகாப்டர் அவர் காட்டியதைவிட நன்றாகவே சுழன்றது. நீரை விலக்கிப் பாலை மட்டும் கொள்ளும் அன்னத்தை உவமையாக வைத்த முனிவருக்கு இது வியப்பளித்திருக்காது.

இவற்றைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் எனக்கு யாப்பு கற்பித்த ஆசிரியர். அவர் வகுப்பிலேயே வெண்பா எழுதுவார். மூன்றாம் அடியில் காய்ச்சீரை அடுத்து நிரையசை வந்துவிடும். வெண்பாவுக்கு ஆகாத தளை. ‘அடடா’ என்று அழித்துவிட்டு வேறு சொல் தேடுவார்; தேடிய சொல் பொருளைக் கெடுக்கும்; அதையும் அழிப்பார். முக்கால் மணி நேரத்தில் ஒரு வெண்பா வந்தால் அதிகம். விதிகள் எங்களுக்குப் பாடநூலிலேயே கிடைத்தன. தளை தட்டிய இடத்திலிருந்து மீண்டு வரும் வழியை அந்தக் கரும்பலகையில்தான் பார்த்தோம்.

இன்று என் மாணவர்களின் கையில் முடிந்த விடைகள் நிறைய இருக்கின்றன. கேட்ட மாத்திரத்தில் கட்டுரையும் செய்யுளும் எழுதித் தரும் கருவிகளும் வந்துவிட்டன. அவை தரும் பிரதியில் அழித்தல் திருத்தல் கிடையாது. நடுச்சாலையை விட்டு விலகாத ஓட்டுநரைப் போலத்தான் அதுவும். அதை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தாலும் விலகியபின் என்ன செய்வது என்பது தெரியப்போவதில்லை.

எந்திரத்துக்கும் என் மாணவிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மரத்தில் மோதிய ட்ரோன் வெட்கப்படுவதில்லை. இரண்டடி எழுதிச் சிக்கிக்கொண்ட மாணவி, நான் அருகில் போனதும் நோட்டைக் கையால் மறைத்துக்கொள்கிறாள். அவள் எங்கே தவறினாள் என்று தெரியாவிட்டால் அவளுக்கு வேண்டிய திருத்தத்தை நான் மட்டுமல்ல, எந்தக் கருவியும் தர முடியாது. மறைத்த கையை அவளாகவே எடுக்கும்படி வகுப்பை வைத்திருப்பதுதான் இப்போது ஆசிரியருக்கு எஞ்சியிருக்கும் பெரிய வேலை என்று தோன்றுகிறது. பவணந்தி நல்லாசிரியருக்கு மலையையும் நிலத்தையும் உவமை சொன்னார். நிலத்துக்கு அவர் காட்டும் பண்புகளில் ஒன்று பொறுமை.