நைல் நதியில் நான்கு இரவுகள்

நம் கல்லூரிச் சஞ்சிகைக்குப் பழைய மாணவர் ஒருவர் எழுதப் புகுந்தால், தாம் பயின்ற காலத்து ஆசிரியர்களையும் விடுதிச் சாப்பாட்டையும் நினைவுகூர்தல் வழக்கம். அவ்வழக்கத்தினின்றும் சிறிது விலகி, சென்ற ஆண்டு மார்கழித் திங்களில் யாமும் எம் துணைவியாரும் எகிப்து தேசத்தில் செய்த ஆற்றுப் பிரயாணத்தைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம். நூல்களிற் காணக் கிடைக்கும் செய்திகளை விரித்துரைப்பது எம் நோக்கமன்று. அப்பிரயாணத்தில் எம் உள்ளத்திலே தைத்த ஒன்றை மாணவ நண்பர்கட்கு அறிவித்தலே நோக்கமாகும்.

எம் மக்கள் இருவரும் பொருள் சேர்த்து, பள்ளி ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்ற எமக்கு இவ்வுல்லாசப் பிரயாணத்தைப் பரிசாக அளித்தனர். லக்ஸர் நகரினின்று அஸ்வான் நகர்வரை ஏறக்குறைய 220 கிலோமீட்டர், நான்கு இரவுகள். கப்பல் என்று சொல்லினும் அது மிதக்கும் மாளிகையே. மேற்றளத்தில் நீச்சற் குளம். மூன்று வேளையும் விருந்து. அறையைத் துப்புரவு செய்யும் இளைஞர் நாடோறும் துவாலைகளை மடித்து, ஒருநாள் குரங்காகவும் ஒருநாள் முதலையாகவும் கட்டிலின்மேல் அமைத்து வைப்பர். நைல் தெற்கினின்று வடக்கு நோக்கி ஓடுவது. காற்றோ பெரும்பாலும் வடக்கினின்று வீசுவது. ஆதலின் பண்டையோர் வடக்கே போகுங்கால் நீரோட்டத்தையும், தெற்கே போகுங்கால் பாயையும் துணைக்கொண்டனர். யாமோ எண்ணெய்ப் பொறியின் துணையால் தெற்கு நோக்கிச் சென்றோம்.

புறப்படுமுன் லக்ஸரிலுள்ள கர்நக் கோயிலைக் கண்டோம். அதன் தூண் மண்டபத்தில் 134 தூண்கள். நடுவிலுள்ளவற்றை அண்ணாந்து பார்த்த எம் துணைவியார், "மதுரையில் பிறந்த எனக்கே கழுத்து வலிக்கிறதே!" என்றார். லக்ஸர் கோயிலின் உள்ளே, அபுல் ஹக்காஜ் என்னும் பெரியாரின் பெயரால் ஒரு பள்ளிவாசல் இன்றும் தொழுகை நடைபெறும் நிலையில் உள்ளது. அவ்வளாகத்திலேயே பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் அடையாளங்களும் உள்ளன. ஒரே இடத்தில் மூன்று வழிபாடுகள் அடுத்தடுத்துக் குடியிருந்தமை எமக்குப் பெருவியப்பளித்தது.

எம் வழிகாட்டி சொல்லாத செய்தியொன்றை யாமே அவருக்குச் சொன்னோம். செங்கடற் கரையிலுள்ள குசேர் அல்-கதீம் என்னும் பழந்துறையில், 'பானை உறி' என்று தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறித்த பானையோடு கிடைத்துள்ளது. பெரனிகே என்னும் மற்றொரு துறையில் ஒரு தாழி நிறைய நம் நாட்டு மிளகு அகப்பட்டது. அத்துறைகளில் இறங்கிய பண்டங்கள் ஒட்டகங்களின்மீது பாலை கடந்து, லக்ஸருக்கு வடக்கேயுள்ள கிஃப்த் என்னும் ஊரை அடைந்து, அங்கிருந்து நைல் வழியாக அலெக்சாந்திரியாவுக்குச் சென்றன. "இவ்வாறு எங்கள் மிளகை அறியும்" என்று யாம் பெருமையுடன் கூற, அவர் நகைத்து, "அப்படியாயின் நீங்கள் விருந்தினர் அல்லர், பழைய வாடிக்கைக்காரர்" என்றார்.

அன்று மாலை எஸ்னா என்னுமிடத்தில், மடைக்கதவு திறப்பதற்காக எம் கப்பல் காத்து நின்றது. அப்பொழுது சிறு படகுகள் பல வந்து சூழ்ந்தன. "இந்தியா! அமிதாப் பச்சன்!" என்று கூவிக்கொண்டே, படகிலிருந்தவர்கள் துணிகளைப் பையிற் சுருட்டி மூன்று மாடி உயரத்திலிருந்த எம் தளத்திற்கு எறிந்தனர். வேண்டுவோர் பணத்தை அப்பையிலிட்டுக் கீழே எறிய வேண்டும். வேண்டாதார் துணியையே திருப்பி எறியலாம். பிரயாணிகள் சிலர் இதனைப் பந்து விளையாட்டாகவே கொண்டனர். ஒருவர் எறிந்த பை ஆற்றில் விழ, படகிலிருந்த சிறுவன் நீரிற் குதித்து அதனை எடுத்து, துணியைப் பிழிந்து மீண்டும் காட்டினான். மேலே நகைப்பொலி எழுந்தது. யாமும் முதலில் நகைத்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. பின்னர் அச்சிறுவனின் முகத்தைக் கண்டோம், அவன் நகைக்கவில்லை. நனைந்த அத்துணியையே எம் துணைவியார் கேட்ட விலைக்கு வாங்கினார். எனினும் அன்றிரவு விருந்து எமக்குச் சுவைக்கவில்லை.

மறுநாள் எட்ஃபு. கி.மு. 237-இல் தொடங்கிக் கி.மு. 57-இல் முடிவுற்ற ஹோரஸ் தேவன் கோயில் அங்குள்ளது. மணல் மூடி, அதன் கூரைமேல் ஊரார் வீடு கட்டி வாழ்ந்த காலமும் உண்டு. 1860-இல் மரியெட் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதனை வெளிக்கொணரத் தொடங்கினார். அடுத்துக் கோம் ஓம்போ. முதலைத் தலையுடைய சோபெக்குக்கும் பருந்துத் தலையுடைய ஹோரஸுக்கும் ஒரே கோயிலிற் சரிபாதி இடம். பக்கத்துக் காட்சிசாலையில் பதம்செய்யப்பட்ட முதலைகள் வரிசையாய்க் கிடந்தன. அன்றிரவு கப்பலில் 'நூபியர் ஆடல்' நடைபெற்றது. பறையொலி கேட்டுப் பிரயாணிகள் எழுந்தாடினர். ஆடினவர்களைப் பற்றி ஒருவரும் ஒன்றும் வினவவில்லை, யாமும் வினவவில்லை.

வினவாததன் பிழையை அஸ்வானில் உணர்ந்தோம். ஐசிஸ் தேவியின் கோயிலுக்குச் செல்ல எம்மைச் சிறு படகில் ஏற்றிச் சென்றவர் நூபியர், எம் வயதினர். அக்கோயில் ஆதியில் ஃபிலே என்னும் தீவில் இருந்தது. 1902-இல் எழுந்த பழைய அணையால் ஆண்டின் பெரும்பகுதியில் நீரில் நின்றது. 1960-இல் தொடங்கி 1970-இல் முடிந்த பேரணை வந்தபின், உலக நாடுகள் பொருளுதவ, அதனைக் கல் கல்லாகப் பிரித்து, 1972 முதல் 1980 வரை உழைத்து, அருகிலுள்ள அகில்கியா என்னும் மேட்டுத் தீவில் மீண்டும் நிறுவினர். அபு சிம்பெல் கோயில்களையும் 1964 முதல் 1968 வரை அறுத்தெடுத்து, 65 மீட்டர் உயரே கொண்டு வைத்தனர். மனிதர் செய்த அரும்பணிகளுள் இவை தலைசிறந்தவை என்பதில் ஐயமில்லை.

"கோயிலைத் தூக்கிவிட்டார்கள், உங்கள் ஊர்?" என்று எம் துணைவியார் அப்படகோட்டியை வினவினார். அவர் பொறியை நிறுத்திவிட்டார். தமக்கு ஒன்பது வயது நடந்தபோது ஊரை விட்டதாகவும், அன்று காலை தம் தாயார் வீட்டைப் பெருக்கி, வாயிலிற் கோலமிட்ட சுவரைத் தடவி, கதவைப் பூட்டித் திறவுகோலை மடியில் முடிந்துகொண்டதாகவும் கூறினார். "நீருக்கடியிற் போகும் வீட்டைப் பூட்டுவானேன் என்று கேட்டேன். அறைந்துவிட்டாள்" என்றார். 1963-64-இல் எகிப்து நாட்டு நூபியர் ஏறக்குறைய 50,000 பேர் இவ்வாறு கோம் ஓம்போவை அடுத்த புதுக் குடியிருப்புகளிற் குடியேற்றப்பட்டனர். பழைய ஊர்ப்பெயர்களையே புதிய ஊர்களுக்கு இட்டனர். ஆனால் ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கட்கு அங்கு ஆறில்லை. முந்தினநாள் யாம் முதலைகளைக் கண்டு களித்த இடத்திற்கு அண்மையில்தான் அத்திறவுகோல் இருந்தது.

அவர் பேசப் பேச, எமக்கு எம் தந்தையாரின் குரல் கேட்டது. மேட்டூர் அணை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிவுற்றதை யாவரும் அறிவர். எம் தந்தையாரின் ஊர் அந்நீர்த்தேக்கத்தின் அடியிலுள்ளது. பன்னிரண்டு வயதுச் சிறுவராய், தம் தந்தை வீட்டு உத்தரங்களைக் கழற்றி வண்டியிலேற்றியதை அவர் கண்டவர். அணையில் நீர் மிகக் குறையும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பக்கத்தில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும், கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரங்களும் வெளித்தோன்றும். அத்தகைய ஒரு வறட்சியாண்டில், "தம்பி, என்னை ஒரு தரம் அழைத்துப் போ, எங்கள் தெரு எது என்று காட்டுகிறேன்" என்று அவர் கேட்டார். பரீட்சைத் தாள்கள் திருத்த வேண்டும் என்று யாம் சொன்னோம். தாள்களைத் திருத்தி முடிக்குமுன் மழை பெய்தது, நீர் ஏறிற்று. மறு வறட்சிக்கு அவர் இல்லை. அவருடைய ஊரில் எத்தனை தெருக்கள், வீட்டு வாயில் எத்திசை நோக்கியது, எம் பாட்டியார் கதவைப் பூட்டினாரா என்பன எதனையும் யாம் கேட்டறிந்திலோம். ஏழாயிரம் ரூபாய் மதிப்புள்ள அறையில் உறங்கி, மூவாயிரம் ஆண்டுக் கோயில்களை விசாரித்த எமக்கு, எம் தந்தையார் பிறந்த தெரு தெரியாது.

அணைகளைப் பழிப்பது எம் கருத்தன்று. மேட்டூர் நீர் பாய்ந்த வயல்களில் விளைந்த சோற்றை உண்டே யாம் வளர்ந்தோம். எகிப்தியர் வீடுகளில் விளக்கெரியவும், வெள்ளமும் வறட்சியுமின்றிப் பயிர் விளையவும் பேரணை உதவுகின்றது. எனினும் ஒருவர் பெறும் நன்மைக்கு மற்றொருவர் ஊரை விலையாகக் கொடுத்திருப்பாராயின், கொடுத்தவர் பெயரையேனும் அறிந்திருத்தல் பெற்றவர் கடன். அஸ்வானில் 1997-இல் திறக்கப்பட்ட நூபியக் காட்சிசாலை அக்கடனை ஒருவாறு தீர்க்க முயல்கின்றது. அங்கே நூபிய வீட்டின் உட்புறத்தை மாதிரி உருவங்களால் அமைத்துள்ளனர். அதன்முன் எம் துணைவியார் நெடுநேரம் நின்றார்.

தாயகம் திரும்பிய மறுவாரமே இருவரும் பண்ணவாடிப் பரிசற்றுறைக்குச் சென்றோம். அணை நிரம்பியிருந்தது; நந்தியுமில்லை, கோபுரமுமில்லை. நடுநீரில் பரிசலை நிறுத்திய முதியவர், "கோயில் இதற்கு நேர் கீழே, ஊர் அந்தப் பக்கம்" என்று துடுப்பாற் சுட்டினார். அப்பக்கம் நோக்கிச் சிறிதுநேரம் இருந்துவிட்டுக் கரையேறினோம். பரிசற்கூலி இருநூறு ரூபாய். எம் வாழ்நாளில் யாம் செய்த ஆற்றுப் பிரயாணங்களுள் அதுவே நெடியது.

மாணவ நண்பர்காள், தூர தேசங்களைக் காணும் பேறு உங்கட்கு வாய்க்குமாயின் தவறாது சென்று காண்மின். ஆனால் அதற்கு முன், வரும் விடுமுறையில் வீட்டுத் திண்ணையிலிருக்கும் முதியவரின் அருகே ஒரு மாலை அமர்ந்து, அவர் பிறந்த ஊரையும் தெருவையும் கேட்டு எழுதிவைத்துக் கொள்ளுங்கள். பரீட்சைத் தாள்கள் காத்திருக்கும்.