ஓசை அடங்கிய பின்

நமது ஜீப்பு வருவதை அதன் விளக்கொளி அறிவித்ததில்லை. அதன் ஓசையே அறிவித்தது. கண்மாய்க் கரைத் திருப்பத்தில் வண்டி ஏறும்போதே ஊருக்குள் கேட்குமாம். கிளைப்பங்கு ஒன்றில் மறைக்கல்விக்கு வரும் சிறுவர்கள், "சாமி வண்டி அழுதுக்கிட்டே வருது" என்று கூவியபடி ஆலயத்திற்குள் ஓடுவார்கள். புனித அருளானந்தர் கால்நடையாய் நடந்து நற்செய்தி அறிவித்த இராமநாதபுரச் சீமையில், அவர் பெயரைச் சொல்லிப் பிழைக்கும் நாம் இப்படி ஊளையிட்டுக்கொண்டு திரிந்தோம்.

நமக்கு முன்னிருந்த பங்குத்தந்தையர் மூவரைச் சுமந்த பழைய மகிந்திரா ஜீப்பு அது. 2023-ஆம் ஆண்டு பங்குத் திருவிழா நெருங்கிய வேளையில், அதன் பின்னச்சிலுள்ள டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரப் பெட்டியில் எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. கியர் மாற்றும்போதெல்லாம் உள்ளே 'டொக்' என்று இடித்தது. நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், மதுரையில் தொழில் பழகி வந்து, நெடுஞ்சாலையோரம் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்தார். அப்பட்டறையை மந்திரித்துத் திறந்து வைத்தவர்களும் நாமே. ஆகவே வண்டியை அவரிடமே ஒப்படைத்தோம். கொடியேற்றத்திற்கு முந்தின மாலை வண்டி திரும்பி வந்தது. ஒழுக்கு நின்றிருந்தது, இடியும் நின்றிருந்தது. ஆனால் வேகம் நாற்பதைத் தொட்டதும் புதிதாய் ஒரு ஊளை எழுந்தது.

நாளுக்கு நாள் அது வலுத்தது. நம் சினமும் உடன் வலுத்தது. பங்குப் பேரவைக் கூட்டத்தில் சொன்னோம். அன்பியக் கூட்டங்களில் சொன்னோம். கன்னியர் இல்லத்து முற்றத்தில் நின்று சொன்னோம். "நம் பிள்ளை என்று கொடுத்தோம், வண்டியைக் கெடுத்துவிட்டான்" என்பதே நம் பல்லவி. அருட்சகோதரிகள் தங்கள் பள்ளி வேனை வேறு பட்டறைக்கு மாற்றினர். டிராக்டர் வைத்திருந்த இருவரும் அவ்வாறே செய்தனர். ஞாயிறு திருப்பலியில் வலப்புறத் தூணருகே நிற்கும் அவ்விளைஞர், சில வாரங்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். பிறகு அங்கும் காணவில்லை. நாம் அதைக் கவனித்தோம். கவனித்தும், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்றே முடிவு கட்டினோம்.

ஒருநாள் அவருடைய தாயார் வந்தார். முந்தானையில் முடிந்திருந்த நூறு ரூபாயை மேசைமேல் வைத்து, "மகன் பட்டறை நல்லா ஓடணும்னு ஒரு பூசை வைங்க சாமி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஏட்டில் கருத்தை எழுதிக்கொண்டோம். அந்தத் திருப்பலியையும் நிறைவேற்றினோம். அன்று நம் நா எதை வேண்டியது, நம் உள்ளம் எங்கிருந்தது என்பதை இறைவன் அறிவார்.

அதன்பின் ஓர் இரவு, பதினான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூரில் முதியவர் ஒருவருக்கு நோயில்பூசுதல் வழங்கச் சென்றோம். வழி நெடுகக் கருவேலங்காடு. வண்டியின் ஓலம் அரைக்கும் ஓசையாக மாறியது. எண்ணெய்ச் சிமிழைச் சட்டைப்பையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் உயிர் பிரியுமுன் இவ்வண்டி நின்றுவிடக் கூடாதே என்று அஞ்சியபடியே போய்ச் சேர்ந்தோம். மறுநாளே, அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை உபதேசியார் அழைத்து வந்தார்.

பெரியவர் முதலில் வண்டியைத் தொடவில்லை. நம் அருகில் அமர்ந்து கேட்டார். ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார்; ஓசை எழுந்தது. காலை எடுக்கச் சொன்னார். ஓசை தணிந்து வேறு குரலானது. இடமும் வலமுமாகத் திருப்பச் சொன்னார், அப்போது மாற்றமில்லை. "சக்கரத்துப் பேரிங் இல்லை ஃபாதர், கிரவுன் பினியன்தான்" என்றார். எண்ணெயை வடித்தபோது, சட்டியில் வெள்ளிப்பொடி தூவியது போல் இரும்புத் துகள் மின்னியது.

அந்தப் பெட்டியின் கதையை அவரிடமே கேட்டறிந்தோம். வண்டி வளைவில் திரும்புகையில் வெளிப்பக்கச் சக்கரம் மிகுந்த தொலைவும், உட்பக்கச் சக்கரம் குறைந்த தொலைவும் கடக்கின்றன. இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்தால் ஒன்றை மற்றொன்று தரையோடு தேய்த்து இழுக்கும். ஒன்று விரையவும் மற்றொன்று தாமதிக்கவும் இடங்கொடுத்து, இரண்டிற்கும் விசையைச் சமமாய்ப் பங்கிடுவதே இப்பெட்டியின் பணி. எஞ்சினிலிருந்து வரும் விசையைப் பினியன் என்னும் சிறுசக்கரம் கிரவுன் என்னும் பெருஞ்சக்கரத்திற்குக் கைமாற்றுகிறது. இவ்விரண்டின் பற்களுக்கு இடையே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரு பங்கு என்னும் அளவில் ஓர் இடைவெளி வேண்டும். இடைவெளி மிகுந்தால் இடிக்கும். குறைந்தால் சூடேறி அரைபடும். காகிதம் போன்ற ஷிம் தகடுகளைச் செருகியும் எடுத்தும் அதைச் சரிசெய்வார்கள். பிறகு பற்களில் நீலச்சாயம் பூசிச் சுற்றிப் பார்ப்பார்கள். சாயத்தின் தடம் பல்லின் நடுவே விழ வேண்டும்.

பின்மூடியைக் கழற்றி, துடைத்து, அவர் நீலம் பூசிச் சுற்றினார். தடம் பல்லின் விளிம்பில் விழுந்தது.

"பினியன் புதுசு, கிரவுன் பழசு. இது ரெண்டும் ஆலையிலேயே ஒண்ணோட ஒண்ணு உரசிப் பழக்கி, ஒரே நம்பர் போட்டு வர்ற ஜோடி. ஒண்ணை மட்டும் மாத்தினா சேராது. இப்ப ரெண்டுமே தேஞ்சுபோச்சு, தகடு வச்சாலும் சத்தம் போகாது" என்றார். பின்னர்ச் சற்று நிறுத்தி, "ஆனா செஞ்ச பையனுக்கு வேலை தெரியாமல் இல்லை. போல்ட்டு ஒவ்வொண்ணும் சுத்தமாப் பூட்டியிருக்கு. சீலை எவ்வளவு நேர்த்தியா வச்சிருக்கான் பாருங்க. அவனுக்கு இது தெரிஞ்சிருக்கும். அவசரப்படுத்தினது யாரு ஃபாதர்?" என்று கேட்டார்.

அக்கணம் ஒரு மாலைப்பொழுது நம் கண்முன் எழுந்து நின்றது. எண்ணெய்க் கையோடு வாசலில் நின்ற இளைஞர், "சாமி, ஜோடியாத்தான் மாத்தணும். மதுரையிலேர்ந்து வரணும், ஒரு வாரம் ஆகும்" என்று சொன்னார். கொடியேற்றத்திற்கு இரண்டே நாள் இருந்தது. சுவரொட்டியும் பந்தலும் நம் தலையில் சுழன்றுகொண்டிருந்தன. "கெட்டதை மட்டும் மாற்று, போதும். செலவை இழுக்காதே" என்றோம். அவர் தயங்கினார். நாம் குரலை உயர்த்தினோம். குருவானவர் சொல்லைத் தட்ட அறியாத பிள்ளை தலையசைத்துப் போனார். இவ்வளவும் நடந்திருந்தது. இவ்வளவையும் நாம் மறந்திருந்தோம். மறந்தோம் என்பதுங்கூட முழு உண்மையன்று, நினைக்க விரும்பவில்லை.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் எட்டாம் கட்டளையை விரிவாய்ப் படித்தோம். பிறரிடம் உள்ள குறையைத் தக்க காரணமின்றி வெளிப்படுத்துவது ஒரு குற்றம். இல்லாத குறையைச் சுமத்துவது வேறொரு குற்றம். 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 2477) இவ்விரண்டையும் பிரித்தே காட்டுகிறது. வள்ளுவரும் புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நாம் உண்மையைத்தானே சொன்னோம், வண்டி கெட்டது உண்மைதானே என்று பல மாதங்கள் ஆறுதல் கொண்டிருந்தோம். ஆனால் பாதியைச் சொல்லி மீதியை மறைத்த உண்மை எந்த வகுப்பில் சேரும்? நம் பங்கை நீக்கிவிட்டுச் சொன்னபோதே அது அவதூறாகிவிட்டது. ஒரு பல்சக்கரத்தை மட்டும் மாற்றச் சொன்ன நாம், பழியையும் ஒருவர்மேல் மட்டும் பூட்டிவிட்டோம்.

அண்டைப் பங்குத்தந்தையிடம் ஒப்புரவு அருட்சாதனம் பெறச் சென்றோம். நம்மினும் இளையவர் அவர். பாவமன்னிப்பு வழங்குமுன், "போய் அந்தத் தம்பியைப் பாருங்கள். பேரைக் கெடுத்த இடங்களிலேயே சீர்செய்யுங்கள்" என்றார். மன்னிப்புப் பெற்ற பின்னரும் ஈடுசெய்யும் கடமை நீங்குவதில்லை என்று அதே மறைக்கல்வி நூல் (எண் 2487) கூறுவதை எத்தனை முறை பிறருக்குப் போதித்திருக்கிறோம்! மன்னிப்பு ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. பட்டறை வரையிலான மூன்று கிலோமீட்டரைக் கடக்க நமக்கு எட்டு நாள் ஆயிற்று.

அந்த எட்டு நாள்களில் ஒரு செய்தி நம்மை உறுத்திக்கொண்டே இருந்தது. இன்றைய ஊர்திகளிலுள்ள டிஃபரன்ஷியலை 1820-களின் இறுதியில் நீராவி வண்டிக்கென வகுத்தவர் ஒரு பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளர். பெயர் ஒனேசிப்போர் பெக்கேர். அப்பெயருக்கு உரிய மூத்தவரைத் திருவிவிலியம் வாசிப்போர் அறிவர். சிறையிலிருந்த பவுலின் விலங்குகளைக் குறித்து வெட்கப்படாமல், உரோமைக்கு வந்து அவரை விடாது தேடிக் கண்டுபிடித்தவர் அவர் (2 திமொ 1:16-17). அந்த ஒனேசிப்போர் பிறர் பூட்டிய விலங்கைக் கண்டு நாணவில்லை. நாமோ, நாமே பூட்டிய விலங்கைக் காண நாணிக் கிடந்தோம்.

ஒன்பதாம் நாள் சென்றோம். பட்டறையில் வண்டி எதுவும் இல்லை. இளைஞர் ஒரு மிதிவண்டிக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். எழுந்து கையைத் துடைத்தார். "தம்பி, ஜோடியாக மாற்ற வேண்டும் என்று நீ அன்றே சொன்னாய். தவறு நம்முடையது. அதை மறைத்து உன் பேரைக் கெடுத்ததும் நாமே" என்றோம். அவர் தரையைப் பார்த்தபடி, "நான்தான் சாமி உறுதியாச் சொல்லியிருக்கணும்" என்றார். பழியில் தமக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள அவரால் எவ்வளவு எளிதாய் முடிந்தது! அது நம் நெஞ்சை அறுத்தது.

வண்டியை மீண்டும் அவரிடமே விட்டோம். பெரியவர் அருகே ஒரு நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டார். புதிய ஜோடி வந்து சேரவும், தகடு வைத்து நீலம் பார்க்கவும் ஒன்பது நாள் ஆனது. அந்நாள்களில் பேருந்திலும் உபதேசியாரின் மொபெட்டிலும் சென்று திருப்பலி நிறைவேற்றினோம். அடுத்த ஞாயிறு, அறிவிப்பு நேரத்தில், நடந்ததை ஒன்றும் விடாமல் இறைமக்கள் முன் சொன்னோம். பிறகு பேரவை உறுப்பினர் ஒருவர், "சாமி, இதையெல்லாம் பீடத்திலிருந்து சொல்லலாமா?" என்று வருந்தினார். பழியைக் கூட்டந்தோறும் பரப்பியபோது அவர் வருந்தியதாய் நினைவில்லை, நாமும் வருந்தவில்லையே.

இன்று நம் ஜீப்பு ஓசையின்றி ஓடுகிறது. கண்மாய்த் திருப்பத்தில் சிறுவர்களுக்கு இப்போது ஒன்றும் கேட்பதில்லை. டிராக்டர்காரர்களில் ஒருவர் பட்டறைக்குத் திரும்பிவிட்டார். பள்ளி வேன் இன்னும் திரும்பவில்லை. புதிய இடத்தில் ஆண்டு ஒப்பந்தமாம். கேட்டுப் பார்த்தோம், இன்னும் கேட்போம். தேய்ந்த பல்சக்கரத்திற்கு மாற்று மதுரையில் கிடைத்தது. தேய்ந்த பெயருக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை. தேய்த்தவர்களே வீடு வீடாய் நடந்து அதைச் சீர்செய்ய வேண்டும்.

இளைஞர் மீண்டும் வலப்புறத் தூணருகே நிற்கிறார். நற்கருணை வழங்கும்போது அவர் நீட்டும் கைகளில், விரலிடுக்கில், கழுவியும் போகாத எண்ணெய்க் கறை இருக்கும். அக்கைகளில் ஆண்டவரை வைக்கும்போதெல்லாம், நம் கைகளை ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம்.