கணப்பும் காற்றும்

குன்னூரில் ஓட்டு வீட்டில் வளர்ந்தவன் கால்கரியில் ஓடும் வீடு வாங்கியிருக்கிறான் என்று என் தம்பி தொலைபேசியில் கேலி செய்வான். மோட்டார்ஹோம் என்று இங்கே சொல்லப்படும் அந்த வண்டியில் அடுப்படி, படுக்கை, கழிவறை எல்லாம் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு நானும் என் மனைவியும் சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுத்து, பழைய வண்டி ஒன்றை வாங்கினோம். அதற்கு ஒரு துணைக் கணப்பு தேர்ந்தெடுத்த கதையைத்தான் எழுத வந்தேன். கடையில் பதினைந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம் எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டது.

2023 செப்டம்பர் கடைசி வாரம். ஜாஸ்பரையும் லேக் லூயிஸையும் இணைக்கும் ஏறத்தாழ 230 கிலோமீட்டர் மலைச்சாலையில், மின் இணைப்பில்லாத ஒரு முகாமில் தங்கினோம். இரவில் ஜெனரேட்டர் ஓட்ட அனுமதி இல்லை. பகலில் இதமாக இருந்த காற்று இருட்டியதும் உறைநிலைக்குக் கீழே இறங்கிவிட்டது. குளிர் பட்டால் என் மனைவியின் விரல்கள் சுண்ணாம்பு போல் வெளுத்து மரத்துப்போகும். ரேனாட் என்று மருத்துவர் அதற்குப் பெயர் சொன்னார். எனவே வண்டியின் ஃபர்னஸை முடுக்கிவிட்டுப் படுத்தோம்.

ஃபர்னஸ் எரிப்பது புரொப்பேன். அதன் தீ மூடிய அறைக்குள் எரிகிறது. வெளிக்காற்றை இழுத்து, புகையையும் வெளியிலேயே விட்டுவிடும். நாம் சுவாசிக்கும் காற்றை அது தொடுவதில்லை. ஆனால் வெப்பத்தை உள்ளே தள்ள ஒரு விசிறி சுழல வேண்டும். அந்த விசிறி பாட்டரியிலிருந்து ஏறத்தாழ எட்டு ஆம்பியர் குடிக்கிறது. இரவில் ஆறு மணி நேரம் ஓடினால் 48 ஆம்பியர்-மணி. எங்களுடையது நூறு ஆம்பியர்-மணி ஈய-அமில பாட்டரி. அதில் பாதிக்கு மேல் எடுப்பது அதற்கு நல்லதல்ல. உறைகுளிரில் அந்தக் கொள்ளளவிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இந்தக் கணக்கையெல்லாம் நான் போட்டது பிற்பாடு.

விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது, வந்ததோ குளிர்ந்த காற்று. விசிறிக் காற்று போதிய வேகத்தில் அடித்தால் மட்டும் நகரும் சிறிய தகடு ஒன்று ஃபர்னஸுக்குள் இருக்கிறது. அது நகர்ந்தால்தான் எரிவாயு திறக்கும். பாட்டரி தளர்ந்ததும் விசிறி தளர்ந்தது, தகடு அசையவில்லை, தீ பற்றவில்லை. மிச்சமிருந்த மின்சாரத்தையும் விசிறி தின்றுகொண்டிருந்தது.

வெளியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது வைத்துக்கொள்ள வாங்கிய ஒரு சின்ன புரொப்பேன் கணப்பு சாமான் அறையில் கிடந்தது. புதிய சிலிண்டரைத் திருகி, அதை உள்ளே கொண்டுவந்து பற்றவைத்தேன். செங்கனலாய் ஒளிர்ந்தது. மனைவி அதன் முன் கைகளை நீட்டி, நிறம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூரைத் துவாரம் வழியே குளிர் இறங்குகிறது என்று அதையும் இறுக மூடினேன்.

ஆறு மணிக்கு எழுந்தபோது இருவருக்கும் தலை கல்லாய்க் கனத்தது. ஜன்னல்களில் தண்ணீர் வழிந்தது. கணப்பு தானாகவே அணைந்திருந்தது. சிலிண்டர் தீர்ந்துவிட்டது போலும் என்று கையிலெடுத்து ஆட்டினேன். பாதி அளவு இன்னும் உள்ளே அலம்பியது.

அப்போது புரியவில்லை. வீடு திரும்பி, அந்தக் கணப்போடு வந்த, நான் பிரித்தே பார்க்காத சிறுபுத்தகத்தைப் படித்தபோதுதான் புரிந்தது. சாதாரணக் காற்றில் ஆக்ஸிஜன் ஏறத்தாழ 21 சதவீதம். அது 18 சதவீதத்தை நெருங்கினால் கணப்பின் சிறுசுடர் தன் இடத்திலிருந்து விலகி, எரிவாயு தானாகவே அடைபடும். மிக உயரமான இடங்களிலும் அணையும் என்றிருந்தது. எங்கள் முகாமோ 1500 மீட்டருக்கும் கீழே. எரிவாயு தீர்ந்து அது அணையவில்லை. நாங்கள் தூங்கிக்கொண்டிருந்த அறையில் காற்று தீர்ந்துகொண்டிருந்ததால் அணைந்தது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி என்ன செய்தது என்று கேட்பீர்கள். அதுவும் அந்தத் தளர்ந்த பாட்டரியை நம்பித்தான் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தேன். முதுகில் அச்சிட்டிருந்த காலாவதித் தேதியும் எப்போதோ கடந்திருந்தது.

என்னால் மன்னிக்க முடியாதது என் அறியாமையை அல்ல. எனக்கு இது தெரியும். நீலகிரியில் பிறந்த எவனுக்கும் தெரியும். மார்கழி இரவுகளில் அம்மா குமுட்டியில் கரி போட்டு, கங்கு கனிந்தபின் கூடத்தில் கொண்டுவந்து வைப்பாள். வைத்த கையோடு ஜன்னலை ஒரு கை அகலம் திறந்துவிடுவாள். "குளிருதும்மா" என்று நாங்கள் சிணுங்கினால், "குளிரட்டும்டா" என்பாள். படுக்கப் போகும் முன் குமுட்டி முற்றத்துக்குப் போய்விடும். எவ்வளவு கெஞ்சினாலும் அதில் மாற்றமில்லை. மூடிய அறையில் கரியடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி மலையில் அவ்வப்போது வருவதுதான். அம்மாவுக்கு வேதியியல் தெரியாது. அவள் மகன் வேதியியல் படித்தவன். கூரைத் துவாரத்தை அடைத்தவனும் அவன்தான்.

குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு கருவியாகப் பார்த்தேன். முதலில் மனம் போனது வினையூக்கிக் கணப்பின் மேல். சுடரில்லை, ஓசையில்லை, மின்சாரம் வேண்டாம், விலையும் தாளும். ஒரு மாலை அதன் படத்தை மனைவியிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "இது எந்தக் காத்தைக் குடிக்கும்ங்க?" என்று மட்டும் கேட்டாள். அறைக் காற்றைத்தான். அதன் புத்தகத்திலும், எத்தனை சதுர அங்குலம் ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அம்மாவின் கை அகலம்தான் அது. நீரும் ஒரு சிக்கல். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி பிறக்கிறது. அன்றிரவு கால் கிலோ எரிந்திருந்தால், எங்கள் ஜன்னல்களிலும் மெத்தையிலும் 400 மில்லி தண்ணீர் இறங்கியிருக்கும்.

அடுத்தது மின்கணப்பு. 1500 வாட், மணிக்கு ஏறத்தாழ 5100 பி.டி.யு. வெப்பம். எதையும் எரிப்பதில்லை, காற்றைக் கெடுப்பதில்லை. ஆனால் 120 வோல்ட்டில் பன்னிரண்டரை ஆம்பியர் கேட்கும். மின் இணைப்புள்ள முகாமில் 30 ஆம்பியர் கிடைத்தால் ஒன்றைத் தாராளமாக ஓட்டலாம். இரண்டை ஓட்டிக்கொண்டே மைக்ரோவேவைப் போட்டால் எல்லாம் அணைந்துவிடும். இணைப்பில்லாத இடத்தில் அது வெறும் பெட்டி.

கடைசியில் வந்து நின்றது வண்டியின் அடியில் பொருத்தும் சிறிய எரிபொருள் கணப்பு. லாரி ஓட்டுநர்கள் இரவில் எஞ்சினை அணைத்துவிட்டுத் தூங்கப் பயன்படுத்துவது. இதில் பேர்பெற்ற எபர்ஸ்பேகர் (1865), வெபாஸ்டோ (1901) இரண்டுமே ஜெர்மனியின் எஸ்லிங்கன் நகரில் தொடங்கியவை. டீசலிலும் பெட்ரோலிலும் ஓடும் வகைகள் உண்டு. ஃபர்னஸைப் போலவே மூடிய அறையில் எரிந்து, வெளிக்காற்றைக் குடித்து, வெளியே புகைவிடும். பற்றும் சில நிமிடங்களுக்கு மட்டும் மின்சாரம் அதிகம் கேட்கும். பிறகு ஓரிரு ஆம்பியரோடு அடங்கிவிடும். சிறிய வகைக்கு மணிக்குக் கால் லிட்டர் எரிபொருளே அதிகம். விலைதான் வினையூக்கிக் கணப்பைப்போல் பல மடங்கு. மனைவியின் கேள்விக்கு முன்னால் அந்த விலையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

இது துணைக் கணப்பு மட்டுமே என்பதையும் கற்றுக்கொண்டேன். ஃபர்னஸின் வெப்பக் குழாய்கள் தண்ணீர்த் தொட்டியின் பக்கமும் போகின்றன. துணைக் கணப்பால் அறை சூடாகவே இருந்தால் ஃபர்னஸ் எழுவதில்லை, அடியில் குழாய்கள் உறைந்து வெடித்துவிடும். கடுங்குளிரில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும்.

2024 வசந்தத்தில், அந்த வேலை தெரிந்த ஒருவர் தரையில் துளையிட்டு அதைப் பொருத்திக் கொடுத்தார். தனி பாட்டரியில் இயங்கும் புதிய எச்சரிக்கைக் கருவியொன்றைப் படுக்கையருகே மாட்டினேன். அக்டோபரில் மீண்டும் அதே சாலையில் போனோம். வெளியே மைனஸ் எட்டு. உள்ளே கணப்பு மெல்ல முனகிக்கொண்டிருந்தது. மனைவி கையுறை இல்லாமல் உட்கார்ந்து பட்டாணி உரித்தாள்.

இந்தக் கருவிக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டு பேரின் மூச்சு ஈரம் வெளியே போக வேண்டுமென்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, படுக்கும் முன் கூரைத் துவாரத்தைக் கொஞ்சம் திறந்தேன்.

"குளிருதுங்க" என்றாள்.

"குளிரட்டும்" என்றேன்.